சிபேப் மாஸ்க்கோடு தூங்க எந்தத் தலையணை சரி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிபேப் என்பது தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு (ஸ்லீப் ஆப்னியா) மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று அனுப்பும் மெஷின். புதிதாக அதை வாங்குபவர்களுக்கு அழுத்தம் எவ்வளவு, மாஸ்க் எந்த அளவு, தண்ணீர்த் தொட்டியில் எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார்கள். தலையணையைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. ஆனால் அந்த மாஸ்க் ராத்திரி முழுக்க உரசிக்கொண்டு கிடக்கப்போவது தலையணையோடுதான். மல்லாந்து படுத்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஒருக்களித்துத் திரும்பியதும் மாஸ்க்கின் ஓரம் தலையணையில் முட்டும், சிலிகான் விளிம்பு மூக்குத்தண்டை விட்டு ஒரு நூல் விலகும், அந்த இடைவெளி வழியே காற்று நேராகக் கண்ணில் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்குவோம். காலையில் பார்த்தால் கன்னத்தில் கோடு, மூக்கின் மேல் சிவந்த தடம், கண்ணில் எரிச்சல். இப்படியே நாலு நாள் போனால் மெஷின் மேலேயே வெறுப்பு வந்துவிடும், பலர் அந்தக் கட்டத்தில்தான் அதை மூட்டை கட்டி வைக்கிறார்கள். நல்ல சிகிச்சை கையில் இருந்தும் ஒரு தலையணையால் அது வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

'சிபேப் தலையணை' என்ற பெயரிலேயே, மாஸ்க்குக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் வெட்டு வைத்த தலையணைகள் விற்கிறார்கள். பெயரைப் பார்த்ததும் அதைத்தான் வாங்க வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வெட்டு இருக்கிறதா என்பது நாலாவதோ ஐந்தாவதோ கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது உயரம். உயரம் தப்பாக இருந்தால் எவ்வளவு அழகான வெட்டு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, உயரம் சரியாக அமைந்துவிட்டால் பலருக்குச் சாதாரணத் தலையணையே போதும்.

1. எப்படிப் படுக்கிறீர்கள், எந்த மாஸ்க் போடுகிறீர்கள்

தூங்கப்போகும்போது எப்படிப் படுக்கிறீர்கள் என்பதை விட, விழிக்கும்போது எப்படிக் கிடக்கிறீர்கள் என்பதுதான் இங்கே உதவும். இரண்டு மூன்று நாள் காலையில் கண் திறந்ததும் அசையாமல் ஒரு கணம் கவனியுங்கள்: மல்லாந்தா, ஒருக்களித்தா, பாதி குப்புறவா, கை எங்கே, தலை தலையணையின் நடுவிலா ஓரத்திலா. பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் இன்னும் நம்பகமான தகவல் கிடைக்கும்.

அடுத்தது மாஸ்க். மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் என்றால் தலையணையோடு சண்டை குறைவு. மூக்கை முழுதாக மூடும் மாஸ்க்கில் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் முட்டும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்தான் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அதிகத் தொந்தரவு கொடுக்கும், ஏனென்றால் அதன் சட்டம் கன்னத்தை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தாடைப் பக்கம் லேசாகத் தள்ளினாலும் மூக்குத்தண்டுப் பக்கம் திறந்துகொள்ளும். குழாய் முகத்துக்கு முன்னால் இணைகிறதா, உச்சந்தலையில் இணைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாஸ்க் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் வெளியிட்ட காலத்தில், கசியாமல் இருக்க மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் பசை வைத்து முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை. பெரும்பாலான மாஸ்க்குகளில் சிலிகான் விளிம்பின் மேல்மடிப்பு மிக மெல்லியதாக இருக்கும், உள்ளே வரும் காற்றே அதை ஊதி முகத்தோடு அணைத்து வைக்கும். அந்த மடிப்பு உப்பியிருக்க இடம் வேண்டும். பட்டையை இறுக்கினாலும் அது நசுங்கும், தலையணை பக்கவாட்டில் தள்ளினாலும் மடங்கும், இரண்டிலும் கசிவுதான். மடங்கிவிட்டால் பட்டையைத் தொடாதீர்கள், மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து மெதுவாக விடுங்கள், மடிப்பு மறுபடி உப்பிச் சரியாக உட்காரும். தலையணை தேர்வு என்பதே அந்த மடிப்பை யாரும் தள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

2. உயரம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கட்டுரையிலேயே முக்கியமான இடம் இது.

மல்லாந்து படுக்கும்போது தலையணை உயரமாக இருந்தால் தலை முன்னால் மடிந்து மோவாய் நெஞ்சை நோக்கி வரும். உட்கார்ந்திருக்கும்போதே மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், தொண்டையில் இழுபறி தெரியும். தூக்கத்தில் தசைகள் தளர்ந்த பிறகு அந்த மடிப்பில் மூச்சுப்பாதை இன்னும் குறுகும். மெஷின் அழுத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் இப்படி மடிந்த பாதையைத் திறப்பது கஷ்டம். அதனால்தான் சிலருக்கு மாஸ்க் கச்சிதமாக இருந்தும், கசிவே இல்லாமலும், மூச்சுத் தடைகள் குறையாமல் நிற்கும். அந்தத் தடைகள் ராத்திரி பூராவும் சீராகப் பரவாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொத்துக் கொத்தாக வந்து, அப்புறம் திடீரென்று நின்றுபோனால் மோவாய் மடிவதைச் சந்தேகிக்கலாம். இரண்டு தலையணை அடுக்கி வைத்துப் படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒரு செலவும் இல்லாத வைத்தியம் இது.

மல்லாந்து படுப்பவருக்கு, தலை வைத்து அமுங்கிய பிறகு உள்ள உயரம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நெற்றியும் மோவாயும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பார்வை நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். பார்வை கால் பக்கம் போனால் தலையணை உயரம், தலைமாட்டுச் சுவர்ப் பக்கம் போனால் தாழ்வு. பிடரிக்கு அடியில் சின்னத் தாங்கல் இருந்தால் நல்லது, தலைக்கு அடியில் அவ்வளவு தேவையில்லை.

ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கணக்கு வேறு. தோள்பட்டையின் அகலத்தைத் தலையணை ஈடுகட்ட வேண்டும். அளப்பது எப்படி என்றால், சுவரோரமாகப் பக்கவாட்டில் நில்லுங்கள், தோளின் வெளிப்பக்கம் சுவரைத் தொடட்டும், தலையை நேராக வையுங்கள், தோளைத் தூக்க வேண்டாம். காதுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 15 செ.மீ. வரை வரும், அகன்ற தோள் உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். மெத்தை கெட்டியாக இருந்தால் அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மெத்தை மெத்தென்று இருந்தால் தோள் உள்ளே அமிழும், எவ்வளவு அமிழ்கிறதோ அதைக் கழித்துவிட வேண்டும்.

ஒரு விஷயம், அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் உயரம் தலை வைக்காத உயரம். 14 செ.மீ. என்று எழுதியிருக்கும் பஞ்சுத் தலையணை தலை வைத்ததும் பாதியாகிவிடலாம், அதே அளவு லேடெக்ஸ் (ரப்பர் நுரை) தலையணை கொஞ்சம்தான் இறங்கும். ஆகவே நீங்கள் அளந்த எண்ணை அமுங்கிய உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

ராத்திரியில் இரண்டு விதமாகவும் புரள்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நடுவில் தாழ்ந்து இரு ஓரமும் உயர்ந்த தலையணை பொருந்தும்: மல்லாந்தால் நடுவில், திரும்பினால் ஓரத்தில். அது கிடைக்காவிட்டால் ஒருக்களித்த நிலைக்குச் சரியான உயரத்தை விட ஒரு சென்டிமீட்டர் குறைவாக எடுங்கள். அதிக உயரத்தில் மல்லாந்து மூச்சுப்பாதை மடிவதை விட, ஒருக்களிக்கும்போது தலை லேசாகச் சரிவது பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம்.

3. காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை

மாஸ்க் போட்டு, மெஷினை ஓடவிட்டு, இருக்கிற தலையணையிலேயே ஒருக்களித்துப் படுங்கள். வீட்டில் யாரையாவது இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள், ஒன்று முன்னாலிருந்து, ஒன்று முதுகுப் பக்கத்திலிருந்து. முன்படத்தில் மூக்கு, மோவாய், நெஞ்செலும்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில், மெத்தைக்கு இணையாக இருக்கிறதா பாருங்கள். பின்படத்தில் பிடரியும் முதுகுத்தண்டும் ஒரே கோடாகப் போக வேண்டும். தலை மெத்தையை நோக்கித் தொங்கினால் உயரம் போதவில்லை, கூரையை நோக்கித் தூக்கியிருந்தால் அதிகம். போதவில்லை என்றால் தலையணைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, மடிப்பு மடிப்பாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த மடிப்பில் கழுத்து நேராகிறதோ அதுதான் உங்கள் உயரம், ஸ்கேல் வைத்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாஸ்க்கைக் கவனியுங்கள். சட்டத்தின் ஓரத்துக்கும் தலையணைக்கும் நடுவே ஒரு விரல் தடையில்லாமல் போய்வர வேண்டும். போகவில்லையா, தலையணையை விட்டு எழுந்திருக்காமல் மெதுவாக முன்னால் நகருங்கள், காதும் கன்னத்தின் பின்பாதியும் மட்டும் தலையணையில் இருக்கட்டும், மாஸ்க் ஓரத்தைத் தாண்டி வெளியே அந்தரத்தில் நிற்கட்டும். இந்த ஒரு நகர்வே பலருக்குப் போதுமானது. தலையணையின் ஓரம் சரிந்து மெல்லியதாக இருந்தால் தலை உருண்டுவிடும், ஓரம் வரைக்கும் ஒரே கனமாக, பெட்டி மாதிரி தைத்த தலையணை என்றால் நிற்கும்.

இன்னொன்று, தவறாமல் பார்க்க வேண்டியது. மாஸ்க்கின் முன்பக்கத்திலோ, குழாய் இணையும் முழங்கை மாதிரியான வளைவிலோ பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். நீங்கள் விடும் மூச்சு வெளியேறுவது அந்த வழியாகத்தான். தலையணையோ போர்வையோ அந்தத் துளைகளை மூடக்கூடாது, மூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். பாதி மூடினால்கூட சத்தம் மாறும், பக்கத்தில் படுப்பவர்மேல் காற்று அடிக்கும். படுத்த நிலையில் துளைகளுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டுங்கள், காற்று தாராளமாக வருகிறதென்றால் சரி.

இந்தச் சோதனையிலேயே எல்லாம் சரியாகிவிட்டால் புதுத் தலையணையே வேண்டாம், இத்தோடு நிறுத்திக்கொண்டு உறை, குழாய் பற்றி மட்டும் கீழே படியுங்கள்.

4. உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது

பாலியஸ்டர் பஞ்சு விலை குறைவு, கையால் அழுத்தி மாஸ்க் வரும் இடத்தில் பள்ளம் பண்ணலாம், ஆனால் சில மாதங்களில் தட்டையாகிவிடும். அளந்து வாங்கிய உயரம் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகும் என்பதுதான் அதன் குறை. இலவம் பஞ்சும் அப்படித்தான், கையால் ஒதுக்கிப் பள்ளம் பண்ண வசதி, நாளாக நாளாகக் கட்டி தட்டும், அடிக்கடி தட்டி உலர்த்த வேண்டும். தையல் விட்டுப் பஞ்சுத்தூள் பறந்தால் மெஷினின் வடிகட்டி சீக்கிரம் அடைபடும்.

மெமரி ஃபோம் தலையின் சூட்டிலும் பாரத்திலும் மெதுவாக இறங்கி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அசையாமல் தூங்குபவருக்கு அருமை. புரள்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு: தலை ஒரு குழி பறித்து வைத்திருக்கும், திரும்பும்போது குழி நிரம்ப நேரமாகும், அதற்குள் மாஸ்க்கின் ஓரம் குழியின் கரையில் போய் இடிக்கும். மற்றபடி சூட்டைத் தேக்கி வைக்கும், முகம் வியர்த்தால் சிலிகான் வழுக்கும். குளிரான அறையில் கல்லாக இருக்கும், படுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இளகும்.

லேடெக்ஸ் நேர்மாறு. தலையை எடுத்ததும் துள்ளி எழும், குழி நிற்காது, காற்றோட்டம் நன்று, உயரம் பல வருஷம் மாறாது. அதே துள்ளல் மாஸ்க்கையும் தள்ளும், ஆகவே லேடெக்ஸ் வாங்கினால் மாஸ்க் ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி படுக்கத் தெரிந்திருக்க வேண்டும். லேடெக்ஸ் ஒவ்வாமை இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜிப் வைத்த, உள்ளே துண்டு துண்டாக ஃபோம் நிரப்பிய தலையணை. ஜிப்பைத் திறந்து பிடி பிடியாக எடுத்து உயரத்தைக் குறைக்கலாம், பற்றாவிட்டால் திரும்பப் போடலாம். எடுத்ததை ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். உங்கள் உயரம் என்ன என்பதே தெரியாத ஆரம்ப நாட்களில் இந்த வசதிக்கு இணையாக வேறு எதுவும் இல்லை, அதுவும் அடுத்த வருஷம் மாஸ்க் வகை மாறினால் தலையணையை மாற்றாமல் நிரப்பலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பக்வீட் என்ற தானியத்தின் உமி நிரப்பிய தலையணையும் இதே வகை, இன்னும் துல்லியமாக வடிவம் கொடுக்கலாம், கொடுத்த வடிவம் அப்படியே நிற்கும். கனம் அதிகம், காதுக்கடியில் சலசலக்கும், அதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் நல்ல பொருள்.

எந்த ஃபோம் தலையணையாக இருந்தாலும் புதிதில் ஒரு வாடை வரும். சும்மா படுப்பவர்களுக்கு அது சின்ன விஷயம், மெஷினோடு படுப்பவர்களுக்கு அப்படி இல்லை. மெஷின் அதே அறைக் காற்றைத்தான் இழுத்து ராத்திரி முழுக்க மூக்குக்குள் அனுப்புகிறது, அதன் வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. உறையைக் கழற்றி, வாடை போகும்வரை படுக்கையறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் உபயோகியுங்கள்.

5. வெட்டு வைத்த தலையணை யாருக்கு

பெரிய மாஸ்க் போட்டு, ஒருக்களித்தே படுத்து, அதிகம் புரளாதவர்களுக்கு. வீட்டுச் சோதனையில் உயரம் சரியாகியும் மாஸ்க் இடித்துக்கொண்டே இருந்தது என்றால் இதற்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

வெட்டு என்பது தலையணையின் இரு ஓரங்களிலும் முகம் வரும் இடத்தைக் குடைந்தெடுத்த பள்ளம். உங்கள் முகம் சரியாக அந்தப் பள்ளத்துக்கு நேரே விழுந்தால்தான் அது வேலை செய்யும். ராத்திரியில் மேலும் கீழும் நழுவுபவர்களுக்குப் பள்ளம் ஓரிடத்தில் இருக்கும், முகம் வேறிடத்தில் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு வெட்டே இல்லாத, அகலம் குறைந்த சின்னத் தலையணையே நல்லது, எந்தப் பக்கம் திரும்பினாலும் மாஸ்க் ஓரத்தைத் தாண்டிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டு இருக்கிறதா, பள்ளத்தின் ஆழம் உங்கள் மாஸ்க்கின் நீட்டலை விட அதிகமா, தலை வைக்கும் நடுப்பாகம் கன்னத்தைத் தாங்கும் அளவு அகலமா. மாஸ்க்கின் சட்டம் கன்னத்திலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதைக் கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். சில தலையணைகள் இரண்டு உயரம் கொண்டவை, ஒரு பக்கம் தாழ்வு, திருப்பிப் போட்டால் உயர்வு, தெரியாமல் வாங்குவதை விட அது பாதுகாப்பு. திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், சில நாள் தூங்கிப் பார்க்காமல் எந்தத் தலையணையையும் பொருந்துகிறது என்று சொல்லிவிட முடியாது.

பட்டை அழுத்திக் காது வலிக்கிறது என்பவர்களுக்கு நடுவில் ஓட்டை உள்ள தலையணை உதவும், மாஸ்க் கசிவுக்கு அது பெரிதாகப் பயன்படாது.

6. கூடவே வேண்டிய துணைத் தலையணைகள்

மல்லாந்து படுத்தால் மூச்சுத் தடை அதிகமாகும் உடல்வாகு பலருக்கு உண்டு. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அணைவாக வைத்தால் தூக்கத்தில் மல்லாந்துவிடாமல் தடுக்கும். முன்னால் கட்டிக்கொள்ள ஒன்று வைத்தால் மேல் கை அதில் தங்கும், கையைத் தலையணைக்கு அடியில் செருகும் பழக்கமும் குறையும். அந்தப் பழக்கம் சாதாரணமாகத் தெரிந்தாலும், கை உள்ளே போனதும் தலையணையின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த உயரம் கெட்டுப்போகும்.

குப்புறப் படுப்பவர்களுக்கு நேர்வழி சொல்வது கஷ்டம். முழுக்கக் குப்புறாமல், நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு முக்கால்வாசி சாய்ந்து படுக்கப் பழகுவதுதான் நடைமுறையில் முடிகிற காரியம், அதோடு தட்டையான தலையணையும் உச்சந்தலையில் குழாய் இணையும் சின்ன மாஸ்க்கும்.

நெஞ்செரிச்சலுக்காகவோ வயிற்றில் காற்று நிறைவதற்காகவோ தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கச் சொல்லியிருந்தால், மூன்று தலையணை அடுக்கிக் கழுத்தை மடிக்காதீர்கள். இடுப்பிலிருந்தே சாய்வாக ஏறும் ஆப்பு வடிவத் தலையணை இருக்கிறது, அதன் மேல் மெல்லிய தலையணை ஒன்று போதும். உடம்பு முழுக்க ஏறும்போது மோவாய் மடியாது.

7. குழாய்

தலையணையைக் குற்றம் சொல்லும் முன் குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் சுமார் 1.8 மீட்டர் நீளம் இருக்கும், திரும்பும்போது அது தலையணைக்கு அடியில் மாட்டி மாஸ்க்கை இழுத்தால் கசிவு வரத்தான் செய்யும். தலைமாட்டுக்கு மேலாகக் குழாயைக் கொண்டுபோய் ஒரு கொக்கியிலோ துணிப்பட்டையிலோ தளர்வாகத் தொங்கவிடுங்கள், அங்கிருந்து மாஸ்க் வரை இரண்டு பக்கமும் திரும்ப இழுவை இல்லாமல் நீளம் விடுங்கள். உச்சந்தலையில் இணையும் குழாய் என்றால், உயர்ந்த தலையணைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே இணைப்பு நசுங்காமல் ஒரு கையளவு இடம் வேண்டும். மெஷின் படுக்கை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், குழாயில் சேரும் தண்ணீர் திரும்ப மெஷின் பக்கமே வடியும், முகத்துக்கு வராது.

8. உறை

வழுவழுப்பான துணி. சாட்டின் உறையில் மாஸ்க்கும் பட்டையும் வழுக்கிக்கொண்டு நகரும், முரட்டுத் துணியில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். வேலைப்பாடு, மணி, தடித்த ஓரத்தையல் எதுவும் முகப்பக்கம் வேண்டாம், ஜிப் இருக்கும் பக்கம் வெளியே போகட்டும். வாரம் ஒருமுறையாவது துவையுங்கள், தலை எண்ணெயும் முகக் கிரீமும் உறையில் ஊறி அங்கிருந்து சிலிகானில் ஏறும், எண்ணெய் ஏறிய சிலிகான் எந்தத் தலையணையிலும் நிற்காது. படுக்கும் முன் முகம் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க் போடுங்கள்.

9. மெஷின் ஓடும்போதே சரிபாருங்கள்

புதுத் தலையணை வந்ததும் முதல் சோதனையை ராத்திரிக்குத் தள்ளிப்போடாமல் பகலிலேயே ஒரு அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மெஷின்கள் தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லத்தான் ஏற்றும். சிபேப் அழுத்தம் பொதுவாக நீர் உயரக் கணக்கில் 4 முதல் 20 செ.மீ. வரை, 4-இல் கசியாத மாஸ்க் 11-இல் கசியலாம். ஆகவே படுத்த ஐந்தாவது நிமிஷத்தில் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாமல், மெஷினில் மாஸ்க் பொருத்தம் பார்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு, முழு அழுத்தத்தில் இடது, வலது, மல்லாந்து என்று ஒவ்வொன்றிலும் சில நிமிஷம் இருந்து பாருங்கள். பட்டையைச் சரிசெய்வதென்றால் படுத்த நிலையிலேயே செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போது முகத்தசை இருக்கும் இடம் வேறு, படுத்ததும் இறங்கும் இடம் வேறு.

அதன் பிறகு ஒரு வாரம் தூங்கிவிட்டு எண்களைப் பாருங்கள். மெஷின் திரையிலோ செயலியிலோ கசிவும், மணிக்கு எத்தனை மூச்சுத் தடை என்பதும் தெரியும். மூச்சுத் தடை மணிக்கு 5-க்குக் கீழ் வருவதைத்தான் பொதுவாக இலக்காக வைப்பார்கள். கசிவுக்கு ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லை, வேறு நிறுவனத்தின் மெஷினில் கணக்கிடும் முறையே வேறாக இருக்கலாம், அந்த எண்ணை இதோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஆஸ்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, மெஷினில் உள்ள எஸ்.டி. கார்டைக் கணினியில் போட்டால் ராத்திரி எந்த நேரத்தில் கசிந்தது என்று கோடாக வரைந்து காட்டும். கசிவு திடீரென்று ஏறி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, திடீரென்று இறங்கினால் அது புரண்டு படுத்த நேரமாக இருக்க வாய்ப்பு அதிகம், தலையணையில் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே சமயத்தில் தலையணை, மாஸ்க், பட்டை மூன்றையும் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும். உயரத்தை மாற்றினால் கழுத்துக்கும் பழக நாலைந்து ராத்திரி கொடுங்கள், லேசான பிடிப்பு இருந்தால் போய்விடும்.

10. தலையணையால் தீராதவை

மாஸ்க் அளவு தப்பு, சிலிகான் பழசாகி விறைத்துவிட்டது, தாடி நடுவில் வருகிறது, வாய் திறந்து காற்று போகிறது, இவற்றில் எதையும் தலையணை சரிசெய்யாது. மல்லாந்து அசையாமல் படுத்தும் கசிந்தால் பிரச்சினை மாஸ்க்கில்தான், மாஸ்க் கொடுத்தவரிடம் போய் அளவு பார்க்கச் சொல்லுங்கள். கசிவே இல்லாமல் மூச்சுத் தடை மட்டும் குறையவில்லை, தலையணையைத் தாழ்த்தியும் பலன் இல்லை என்றால் பதிவுகளோடு மருத்துவரைப் பாருங்கள், அழுத்தத்தை நீங்களாகவே மாற்ற வேண்டாம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், விழிக்கும்போது கை மரத்துப்போகிறவர்கள் தலையணை உயரத்தை மாற்றும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சில மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருந்துவிட்டுக் கசிவு மெல்ல ஏற ஆரம்பித்தால் முதலில் சிலிகானைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் தலையணையில் தலை வைத்து உயரத்தை அளந்து, ஆரம்பத்தில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஜிப் தலையணை என்றால் பையில் இருக்கும் நிரப்பலில் ஒரு பிடி திரும்பப் போடுங்கள், பஞ்சு என்றால் புதுசு வாங்க வேண்டிய நேரம்.